சொன்னது இதுதானா?

மடிப்பக்காவுக்கு வாய் அதிகம் என்று சலவைக்கூடத்தில் பேசிக்கொள்வார்கள். பேசுகிறவர்களுக்கு விவரம் போதாது. வாய் அதிகமில்லை, வேலைதான் அதிகம். மூன்று பேர் பேச வேண்டியதை அவள் ஒருத்தி பேசியாக வேண்டும். தனக்காக ஒரு பேச்சு, மகளுக்காக ஒரு பேச்சு, இரண்டு வருஷமாகப் புருஷனுக்காகவும் சேர்த்து.

மகளுக்குப் பேச்சு திக்கும். முதல் எழுத்தில் மாட்டிக்கொண்டால் கழுத்து நரம்பு புடைக்கும், கண் செருகும், பார்க்கிறவர்களுக்கு மூச்சு முட்டும். கடையில் அவள் "ப... ப..." என்று நிற்கும்போதே பின்னால் நிற்கிற மடிப்பக்கா, "பால் ரெண்டு பாக்கெட்டுங்க" என்று முடித்துவிடுவாள். பள்ளிக்கூடத்தில் டீச்சர் பேரைக் கேட்டபோது சொன்னதும் அம்மாதான். டாக்டர் வயிற்றை அமுக்கி வலிக்கிறதா என்று கேட்டால், "வலிக்குது டாக்டர், அங்கதான், இன்னும் கொஞ்சம் கீழ" என்பாள். யாருடைய வயிறு என்று டாக்டருக்கே சந்தேகம் வந்துவிடும். எல்லாம் பாசம்தான், வேறென்ன? பெற்ற பிள்ளை நாலு பேர் முன்னால் தவிப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்க யாருக்கு மனசு வரும்? ஆனால் பதினைந்து வயதுவரை அந்தப் பெண் ஒரு வாக்கியத்தையும் தன் வாயால் முடித்ததில்லை.

சலவைக்கூடத்தில் ஆஸ்பத்திரி விரிப்பும் லாட்ஜ் விரிப்பும் வெளுப்பார்கள். வெளுத்துப் பிழிந்த விரிப்பை இரண்டு பெண்கள் முனை பிடித்துச் சூட்டு உருளைக்குள் விடுவார்கள். அந்தப் பக்கம் ஆவி பறக்க வெளியே வரும் விரிப்பை இரண்டு பேர் பிடித்து, முனைக்கு முனை சேர்த்து, பாதி, அதில் பாதி, பிறகு மூன்றாக மடித்து அடுக்க வேண்டும். மடிப்பக்கா அந்த முனையில் பதினெட்டு வருஷமாக நிற்கிறாள். விரல் நுனியில் ரேகை தேய்ந்துபோய்விட்டது. அவள் மடித்த அடுக்கில் நூல் பிடித்துப் பார்த்தாலும் கோணல் இருக்காது. பேரும் அப்படித்தான் வந்தது.

உருளைக்குச் சூடு தருகிற பாய்லர், கூடத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டவர் அவள் புருஷன். இரண்டு வருஷம் முன்பு ஒரு நடுப்பகலில், நீராவி அழுத்தம் காட்டும் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்த மனுஷன் அப்படியே சுவரோடு சரிந்தார். வலது கையும் காலும் போயின. பேச்சும் போய்ப் பிறகு கொஞ்சமாகத் திரும்பி வந்தது. வந்தது என்றால், ஒரு சொல் வருவதற்குள் நாலு விரிப்பு மடித்துவிடலாம். வந்த சொல்லும் குழைந்து வரும். வெளியாளுக்கு அது முனகல். மடிப்பக்காவுக்கு அந்த நாலு விரிப்பு நேரம் தாங்காது. அவர் உதடு அசைந்ததுமே, "தண்ணியா? இந்தாங்க" என்று டம்ளரை நீட்டிவிடுவாள். பாதி நாள் அவர் கேட்டது தண்ணீராக இருக்காது. ஆனாலும் குடித்துவிடுவார்.

இப்படியே போயிருக்கும். நடுவில் வந்தது இளைஞர் மன்றம்.

தெருக்கோடியில் பழைய அச்சுக்கூடத்தின் மாடியில் இரண்டு அறை. பதினாலு வயதிலிருந்து இருபத்திரண்டு வயதுவரை இருபது, இருபத்தைந்து பிள்ளைகள். பெரியவர்கள் யாரும் கிடையாது. வாரம் ஒருத்தர் நாற்காலியில் உட்கார்ந்து கூட்டம் நடத்த வேண்டும், வாரம் ஒருத்தர் குறிப்பு எழுத வேண்டும். தெருக்குழாயில் தண்ணீர் வராதது பற்றி வீடு வீடாக எழுதிக்கொள்ள ஒருநாள் அவர்கள் வந்தார்கள். மடிப்பக்கா சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லி முடித்தாள். எழுதிக்கொண்டிருந்த சோடாபுட்டிக் கண்ணாடிப் பையன் பேனாவை மூடாமல், பின்னால் நின்ற மகளைப் பார்த்தான்.

"நீங்க சொன்னதை எழுதிட்டேங்க. அவங்க சொல்லட்டும்."

"அவளும் இதையேதான்ப்பா சொல்லுவா. நான் சொன்னா அவ சொன்ன மாதிரிதான்."

"இல்லைங்க. எங்க மன்றத்துல ஒருத்தர் பேச்சை இன்னொருத்தர் முடிக்கக் கூடாது. நாங்க இருக்கோம், மெதுவா சொல்லட்டும்."

இருந்தார்கள். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூட மடிப்பக்காவுக்குத் தெரியவில்லை. "கா... காலையில... பள்ளிக்கூடத்துக்கு மு... முன்னாடி தண்ணி வந்தா போதும்" என்று மகள் சொல்லி முடித்தாள். பையன் எழுதியதை வாசித்துக் காட்டி, "நீங்க சொன்னது இதுதானா?" என்று கேட்டான். அவள் தலையாட்டினாள். அதுவும் அவர்கள் மன்றத்து வழக்கமாம். சொன்னதைச் சொன்னபடி எழுதி, சொன்னவரிடமே வாசித்துக் காட்டிக் கேட்க வேண்டும்.

"பெரிய கோர்ட்டு நடத்துறானுங்க" என்று அவர்கள் போன பிறகு மடிப்பக்கா பொரிந்து தள்ளினாள். அடுத்த சனிக்கிழமை மகள் தானாகச் செருப்பை மாட்டிக்கொண்டு மாடியேறிப் போனாள்.

ஒன்றரை வருஷம் கழித்து, மழை வந்த ஒரு சாயங்காலம், குடை கொடுக்கப் போன இடத்தில்தான் மடிப்பக்கா அதைப் பார்த்தாள். நாற்காலியில் மகள். எதிரே தண்ணீர் ஆபீஸ் அதிகாரி, கையைக் கட்டிக்கொண்டு. அவர் ஏதோ சமாதானம் சொல்லி முடித்திருந்தார். மகள் வாயைத் திறந்தாள். மாட்டிக்கொண்டாள். கழுத்து நரம்பு புடைத்தது. அறையில் இருபது பிள்ளைகள், ஒருத்தரும் இருமவில்லை, ஒருத்தரும் முகத்தைத் திருப்பவில்லை. கதவோரம் நின்ற தாய்க்கு நாக்கு அரித்தது. உள்ளே போய் அந்த வாக்கியத்தை முடித்துவிட்டு வந்துவிடலாமா என்றிருந்தது.

"போ... போன மாசமும்... இதேதான் சார் சொன்னீங்க. தே... தேதியைச் சொல்லுங்க. எழுதிக்கிறோம்."

அதிகாரி தேதியைச் சொன்னார். வேறு வழியில்லை, மனுஷனுக்கு வேர்த்துவிட்டது. மடிப்பக்கா குடையைப் படியில் வைத்துவிட்டு நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்தாள். சந்தோஷத்தில் அழுதாளா, இத்தனை வருஷம் பிள்ளையின் வாயைத் தானே அடைத்து வைத்திருந்தோமே என்று அழுதாளா என்று அவளுக்கே தெரியவில்லை. இரண்டும்தான்.

மகளுக்குப் பதினேழு முடிந்த கோடையில் மன்றங்களின் கூட்டமைப்பிலிருந்து ஒரு கடிதம் வந்தது. துறைமுகப் பட்டணத்தில் புதிதாக மன்றங்கள் தொடங்கப் போகிறார்கள், பல ஊர் மன்றங்களிலிருந்தும் இளைஞர்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள், இந்த மன்றத்திலிருந்து ஒருத்தர். ஒரு வருஷம் அங்கேயே தங்கல், படிப்பு, வேலை. வியாழக்கிழமை காலை பத்து மணிக்குப் பஸ். மன்றத்துப் பிள்ளைகள் ஒருமனதாக எழுதிக் கொடுத்த பேர் அவளுடையது.

மடிப்பக்கா கடிதத்தை இரண்டு முறை வாசித்தாள். காலை ஆறிலிருந்து இரண்டுவரை அவளுக்குக் கூடத்தில் வேலை. பள்ளிப் படிப்பு முடிந்ததிலிருந்து அந்த நேரத்தில் அவரைப் பார்த்துக்கொண்டது மகள்தான். ஆனால் மடிப்பக்கா அன்றைக்கே போய் மேஸ்திரியிடம் பேசினாள், மத்தியானம் இரண்டு மணிக்குத் தொடங்கும் ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டால் காலையெல்லாம் வீட்டில் இருக்கலாம். சாயங்காலம் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா எட்டிப் பார்ப்பதாகச் சொன்னாள். முழுசாகச் சரிவராதுதான். நாலைந்து மணி நேரம் அவர் தனியாகத்தான் கிடக்க வேண்டும். "ஒரு வருஷம்தானே, பல்லைக் கடிச்சிட்டு ஓட்டிடலாம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

சேதி காதில் விழுந்ததும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு பேர் வந்து இறங்கினார்கள். ஒருவர் அவள் புருஷனின் அண்ணன், தச்சர். இன்னொருவன் அவள் தம்பி, பஸ் கண்டக்டர். கட்டில் இருந்த முன்னறையில் நாற்காலி இரண்டுதான். மகள் கீழே உட்கார்ந்தாள், மடிப்பக்கா கதவில் சாய்ந்தாள். கட்டிலில் அவர் தலையணை முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தார்.

"உனக்குப் புத்தி கித்தி பிசகிடுச்சா?" என்று தச்சர் ஆரம்பித்தார். "மனுஷன் கட்டில்ல கெடக்கான். பொண்ணை ஊருக்கு அனுப்புறாளாம். யாரு பாக்குறது? சொவரா பாக்கும்?"

"ஷிப்டு மாத்திக் கேட்டிருக்கேன். மேஸ்திரி சரின்னுட்டாரு."

"சாயங்காலம்?"

"தையல்காரம்மா வந்து பாப்பாங்க."

"அவளுக்கு அவ மெஷினைப் பாக்கவே நேரமில்ல. இவன் ஒருநா கீழ விழுந்து கெடந்தா அவளுக்கு எப்படித் தெரியும்? கூப்பிடத்தான் இவனால முடியுமா?"

கண்டக்டர் தொண்டையைச் செருமினான். "அக்கா, நான் ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காத. பொண்ணு நல்லா வந்திருக்கா, இல்லேங்கல. ஆனா பஸ் எங்க போயிடப் போகுது? இந்த வண்டி போனா அடுத்த வண்டி. அத்தானுக்குக் கொஞ்சம் ஒடம்பு தேறட்டும்."

"உன் வண்டிதான்டா அரை மணிக்கு ஒண்ணு வரும். இது அப்படி இல்ல."

"அத்தானே விரும்ப மாட்டாரு. எனக்குத் தெரியும் அவரை."

"என் தம்பி மனசு எனக்குத் தெரியாதா?" என்றார் தச்சர். "பொட்டப்புள்ளைய வெளியூர் அனுப்ப அவன் ஒரு நாளும் சம்மதிக்க மாட்டான்."

"அவரைக் கட்டிக்கிட்டவ நான்" என்று மடிப்பக்கா குரலை உயர்த்தினாள். "பாய்லர் ஷெட்டுல நின்னுக்கிட்டு, எம்பொண்ணு டவுனுக்குப் போய்ப் படிக்கணும், படிக்கணும்னு எத்தனை பேருகிட்ட சொல்லியிருக்காரு தெரியுமா? அவருக்குச் சம்மதம்தான்!"

மூன்று பேரும் அவர் மனசை ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். அந்த மனசுக்குச் சொந்தக்காரர் கட்டிலில் உட்கார்ந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மகள் எழுந்தாள். உள்ளே போய் ஒரு நோட்டும் பேனாவும் எடுத்து வந்தாள்.

"பெ... பெரியப்பா. மாமா. இது அப்பாவைப் பத்தின விஷயம். அப்பாவை... கே... கேக்கலாம்."

"அவனை என்னத்தக் கேக்க?"

"கேக்கலாம், பெரியப்பா. எவ்வளவு நேரம் ஆனாலும்... யாரும் நடுவுல பேசக் கூடாது. அவர் எ... என்ன சொல்றாரோ அதுதான் முடிவு. உங்களுக்குச் சம்மதமா?"

அவள் குரலில் சண்டை இல்லை. ஆனால் யாருக்கும் எதிர்த்துப் பேச வரவில்லை. தண்ணீர் ஆபீஸ் அதிகாரிக்கு வேர்த்தது ஏன் என்று மடிப்பக்காவுக்கு இப்போது புரிந்தது. தச்சர் கட்டிலில் இருந்த தம்பியைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "சரி. அவன் வாயால போன்னு சொல்லட்டும், நான் குறுக்க நிக்கல. நானே பஸ் ஏத்தி விடுறேன்."

"ரைட்டு" என்றான் கண்டக்டர்.

மகள் அம்மாவிடம் திரும்பினாள். "அம்மா, நீயும்தான். இன்னிக்கு ஒரு நாள் அ... அப்பாவுக்காக நீ பேசக் கூடாது. எனக்காகவும் பேசக் கூடாது. சத்தியமா?"

"சத்தியம்" என்றாள் மடிப்பக்கா. மனசுக்குள் அவளுக்குக் கவலையே இல்லை. அவர் போகத்தான் சொல்வார். மகளைப் பார்த்துப் பூரித்துப்போகிற மனுஷன் வேறென்ன சொல்வார்?

மகள் கட்டிலோரம் முட்டிபோட்டு உட்கார்ந்தாள். கடிதத்தில் இருந்ததைச் சொன்னாள். ஒரு வருஷம் என்றாள். அம்மா காலையில் இருப்பாள், சாயங்காலம் கொஞ்ச நேரம் தனியாக இருக்க வேண்டும் என்பதையும் மறைக்காமல் சொன்னாள். "நான் போகட்டுமாப்பா? இல்ல, இருக்கட்டுமா? நீங்க சொல்லுங்க."

காத்திருந்தார்கள். வாசலில் ஒரு தள்ளுவண்டி போயிற்று. தச்சர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். கண்டக்டர் கால் மாற்றிக் கால் போட்டான். அவர் உதடு ஒருமுறை அசைந்து நின்றது. மடிப்பக்கா முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டாள். மூன்று விரிப்பு ஆயிற்று, நாலு, ஆறு. நெற்றியில் வேர்வை கட்டியது அவருக்கு. இடது கை மெதுவாக நகர்ந்து வந்து மகளின் சட்டைக் கையைப் பிடித்தது.

பிறகு வந்தது. தொண்டையிலிருந்து குழைந்து, இழுத்து, நடுவில் ஒருமுறை நின்று, எச்சிலோடு சேர்ந்து வந்தது.

"ப... யமா... இருக்கு. நீ... இரு."

"என்னது?" என்று தச்சர் முன்னால் குனிந்தார். "என்ன சொன்னான்? முனகினான், ஒண்ணும் பிடிபடலயே."

"போயிட்டு வான்னு சொன்ன மாதிரி இருந்துச்சே" என்றான் கண்டக்டர். உண்மையிலேயே அவனுக்கு அப்படித்தான் தோன்றியது போலிருக்கிறது. முகம் இளகியிருந்தது. "அப்படித்தானேக்கா?"

மடிப்பக்காவுக்குப் புரிந்திருந்தது. ஒரு எழுத்து பாக்கியில்லாமல் புரிந்திருந்தது. பாய்லர் முன்னால் பயப்படாமல் நின்ற மனுஷன், இரண்டு வருஷமாக இந்தக் கட்டிலில் பயந்து பயந்துதான் கிடந்திருக்கிறார். ஒரு நாளாவது அதைச் சொல்ல விட்டாளா அவள்? டம்ளரைத்தானே நீட்டினாள்.

கண்டக்டர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். "ஆமாடா, போயிட்டு வான்றாரு" என்றால் போதும். எத்தனை ஆயிரம் தடவை அவருக்காகப் பேசியிருக்கிறாள், அதில் எத்தனை தப்பு, இதுவும் ஒன்று. தச்சர் பஸ் ஏற்றி விடுவார். பிள்ளை பிழைத்துக்கொள்ளும். ஆனால் சத்தியம் பண்ணியிருந்தாளே. பிள்ளை முதல்முறையாக அம்மாவை நம்பிக் கேட்ட ஒன்று. மகளே சொல்லட்டும் என்று இருந்தாள். 'மாத்திச் சொல்லிடு கண்ணு, மாத்திச் சொல்லிடு' என்று மகளின் முதுகைப் பார்த்து மனசுக்குள் கும்பிட்டாள்.

மகள் நோட்டைத் திறந்து மடியில் வைத்தாள். எழுதினாள். பிறகு வாசித்தாள்.

"பயமா இருக்கு. நீ இரு."

ஒரு இடத்தில்கூடத் திக்கவில்லை.

"அப்பா, நீங்க சொன்னது இதுதானா?"

அவர் தலையை ஆட்டினார். கண்ணிலிருந்து நீர் வழிந்தது. சட்டைக் கையை விடவில்லை. மகள் அந்தக் கையின் மேல் தன் கையை வைத்துக்கொண்டு, மற்றவர்களைப் பார்த்தாள். "மு... முடிவு இதுதான். நான் இருக்கேன்."

ஜெயித்தவர்களுக்கும் சந்தோஷம் இல்லை. தச்சர் எழுந்தார். போகும்போது தம்பியின் தலையை ஒருமுறை தடவிவிட்டுப் போனார். கண்டக்டர் அக்காவின் முகத்தைப் பார்க்காமல் செருப்பை மாட்டினான்.

செவ்வாய்க்கிழமை மகள் மாடிக்குப் போய் மன்றத்தில் சொல்லிவிட்டு வந்தாள். அவளுக்குப் பதில் சோடாபுட்டிக் கண்ணாடிப் பையன் போவதாக முடிவாயிற்று. அவன் வீட்டுக்கு வந்து வாசலில் நின்று அழுதான். அவள்தான் அவனுக்கு அங்கே போய் முதல் கூட்டத்தில் என்ன பேசுவது என்று எழுதிக் கொடுத்தாள்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு மடிப்பக்கா உருளையின் முனையில் நின்றாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தாள். பார்த்துவிட்டாள். கையில் வந்த விரிப்பு நழுவித் தரையில் விழுந்தது. பதினெட்டு வருஷத்தில் அப்படி விழுந்ததில்லை. எதிரே நின்றவள், "என்னக்கா, ஒடம்பு சரியில்லையா?" என்றாள். மடிப்பக்கா குனிந்தாள். விரிப்பை எடுத்துத் திரும்ப வெளுக்கிற கூடையில் போட்டாள்.

வீட்டுக்கு வரும்போது இரண்டரை மணி. அவர் தூங்கிக்கொண்டிருந்தார். மகள் அடுப்படியில் கஞ்சிப் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மடிப்பக்கா செருப்பைக்கூடக் கழற்றாமல் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"ஏண்டி சொன்னே?"

மகள் குழாயை மூடினாள்.

"எனக்குப் புரிஞ்சுதுடி அன்னிக்கு. உனக்கும் எனக்கும் மட்டும்தான் புரிஞ்சுது. நீ மாத்திச் சொல்லியிருந்தா நான் சாகுற வரைக்கும் வாயைத் தொறந்திருக்க மாட்டேன்."

"தெ... தெரியும்மா."

"தெரிஞ்சா சொன்னே? இந்நேரம் பஸ்ஸுல போயிட்டிருப்பியேடி! உங்கப்பாவுக்குப் பயம்னா நான் இல்ல? நான் பாத்துக்க மாட்டேனா?"

மகள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். சொல் மாட்டிக்கொண்டது. ரொம்ப நேரம் மாட்டிக்கொண்டது. மடிப்பக்கா இரண்டு கையாலும் முழங்காலைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள். எப்படியாவது அந்த வாக்கியத்தை முடித்துக் கொடுத்துவிட வேண்டும் போலிருந்தது, ஆனால் அது என்னவென்றே இம்முறை அவளுக்குத் தெரியவில்லை.

"ரெ... ரெண்டு வருஷத்துல... அவரு முழுசா சொன்னது... அது ஒண்ணுதாம்மா. அதையும் நா... நான் மாத்திட்டா, அப்புறம் அவரு யார்கிட்டம்மா சொல்லுவாரு?"

மடிப்பக்கா அவளை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டாள். அப்போதுதான் அந்தப் பெண் அழுதாள். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அடக்கி வைத்திருந்தது எல்லாம் சேர்ந்து வந்தது. எனக்குப் போகணும்மா, எனக்குப் போகணும்மா என்று திக்கித் திக்கி, தேய்த்த பாத்திரத்தின் ஈரக் கையோடு அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். நூறு தடவை சொன்னாள். மடிப்பக்கா ஒரு தடவைகூட நடுவில் பேசவில்லை.